மட்டையன் ஓடின ஓட்டம்

வாங்க சார், வாங்க. செருப்பை உள்ளயே விட்டுருங்க, வெளிய விட்டா நாய் கவ்விட்டுப் போயிரும். அந்தச் சேர் வேண்டாமுங்க, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. காமிராவை அந்த ஸ்டூல் மேல வெச்சுக்கலாம். ஃபேன் சத்தம் பதியுமா? அப்ப நிறுத்திரலாம், வேர்த்தா வேர்க்கட்டும். பாவாயி, சார் வந்துட்டாரு பாரு. ரெஜினால்ட் சார், மெட்ராஸ்லருந்து. நம்ம படத்தைப் புதுசா டிஸ்க் போட்டாங்கல்ல, அந்தக் கம்பெனி. காப்பி வை.

எங்கூட்டு அம்மிணிங்க. பேச்சு கம்மி. சமையக்கட்டுக்குள்ள போனா அப்படியே இருந்துக்குவா. நாம பேசுவோம்.

நீங்க போன்ல சொன்னது எனக்கு நல்லா வெளங்கிருச்சு. 'சோலைக்குள் ஒருவன்' படம் இதுவரைக்கும் கேசட்டு, வீசிடி, டிவிடி, புளூரேன்னு நாலு தடவை வந்திருக்கு. நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்து, எதுல என்ன இருக்கு, எதுல என்ன போச்சுன்னு ஒரு சின்னப் புஸ்தகம் போடறீங்க. அடுத்த தடவை வர்ற டிஸ்க்கோட அதைக் குடுக்கறீங்க. அந்தப் புஸ்தகத்துலதான் மட்டையனா நடிச்சது யாருன்னு மொதத் தடவையாப் பேர் போடறீங்க. சரிதானுங்களே? அந்தப் பேருக்குத்தாங்க நான் முப்பத்தேழு வருசமா உக்காந்திருக்கறேன்.

படத்துல என்ன போட்டாங்க, பாத்தீங்கல்ல? எல்லாருக்கும் பேரு. டீ குடுத்த ஆளுக்குப் பேரு. ஜீப்பு இரவல் குடுத்த மிராசுதாருக்கு நன்றி. 'மட்டையன்'னு போட்டுப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி! கேட்டா டைரக்டர் சொல்றாரு, "செங்கோடா, அதான்யா சஸ்பென்சு." அவருக்குச் சஸ்பென்சு. எனக்கு? அந்தக் கேள்விக்குறி நான்தாண்டான்னு ஊருக்குள்ள சொன்னா எவன் நம்புவான்?

அப்ப நான் நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில இருந்தனுங்க. ஆறடி ஒரு அங்குலம். படக்காரங்க ஜீப்புக்கு வெல்டு வெக்க வந்தாங்க. டைரக்டர் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "தம்பி, முறைடா"ன்னாரு. முறைச்சேன். "வேண்டாம், மூஞ்சிய மூடிக்கலாம்"னாரு. அவ்வளவுதான் செலக்சன்.

மூஞ்சிக்குப் பாக்குமட்டை. தட்டு செய்வாங்கல்ல, அந்த மட்டையேதான். ரெண்டு ஓட்டை போட்டு நாரைக் கட்டிட்டாங்க. உடம்புக்குக் கறுப்புக் கம்பளி. காலுக்கு ஒண்ணும் கிடையாது, வெறுங்கால். கையில கோடாலி. அஞ்சு காலேஜ் பிள்ளைங்க கொல்லிமலைக்கு ஜீப்புல வர்றாங்க, நான் ஒவ்வொருத்தரா முடிக்கணும். எதுக்கு முடிக்கறேன்னு நானும் ஒருநாள் கேட்டுப் பாத்தேன். "அது பாக்கறவன் யோசிக்கட்டும்"னாரு டைரக்டர். பாக்கறவன் யோசிக்கலைங்க, சிரிச்சான். ரெண்டாவது வாரம் தியேட்டர்ல சாமி படம் போட்டுட்டாங்க.

படம் பொழைச்சது கேசட்டுலதாங்க. நீங்க எதை ஒசத்தின்னு எழுதப் போறீங்கன்னு எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டா கேசட்டுத்தான். ஏன்னா அதுல ஒண்ணுமே தெரியாது. பாதிப் படம் பச்சை, மீதிப் படம் இருட்டு. அந்தப் பொண்ணு ஓடையில குளிக்கற எடம் வந்தா மட்டும் கோடு கோடா வரும். வாடகைக்கு எடுத்தவன் எல்லாம் அங்கயே நிறுத்தி நிறுத்திப் பாத்து டேப்பைத் தேச்சுப்புட்டானுங்க. ஆனா மட்டையன் வர்றப்ப பாருங்க, மரம் எது, ஆளு எதுன்னு புரியாது. திடீர்னு மரத்துக்குக் கை முளைக்கும். எங்க சித்தப்பா அதைப் பாத்துட்டு ஒரு வாரம் கொல்லைப்பக்கம் தனியாப் போகலைங்க. நான் அவரு பக்கத்துலதான் உக்காந்து முறுக்குத் தின்னுட்டு இருந்தேன். "சித்தப்பா, அது நாந்தான்"ங்கறேன். "வாய மூடுடா, அது வேற மாதிரி இருக்குது"ங்கறாரு. நடிப்புன்னா அது!

அப்புறம் வீசிடி. அது ரெண்டு டிஸ்க்கு. கோடாலிய ஓங்கறேன், மொத டிஸ்க்கு முடிஞ்சிரும். எந்திரிச்சுப் போயி அடுத்ததைத் தொடைச்சுப் போட்டு, அதுவும் சிக்கி, மறுபடி தொடைச்சு, அதுக்குள்ள பயந்தவன் பல்லு வெளக்கிட்டு வந்துருவான். அதோட விட்டாங்களா? படம் முழுக்க இடது வலது மாறிப் போச்சு. எவனோ பிரிண்டைத் திருப்பிப் போட்டுட்டான். டீக்கடை போர்டு கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்கும். ஹீரோவுக்குச் சட்டைப் பாக்கெட்டு வலது பக்கம். அஞ்சு பிள்ளைங்களும் இடது கையிலயே சோறு திங்குதுங்க.

இருந்தாலும் நான் அதிகமாப் பாத்தது அதைத்தாங்க. அப்பத்தான் வீட்டுக்குச் சொந்தமா பிளேயர் வாங்கினேன். கேசட்டுக் காலத்துல கடையில கெஞ்சணும். இது நம்ம கையில இருக்குதே. யாரு வீட்டுக்கு வந்தாலும் போட்டுருவேன். பொண்ணு பாக்க வந்தாங்க, போட்டேன். கரண்ட்டு பில்லு எடுக்க வந்தவரை உக்கார வெச்சுப் போட்டேன். இருநூறு தடவைக்குக் கொறையாது. "மறுபடியுமா?"ன்னு கேட்டுட்டுப் பாவாயி எந்திரிச்சுப் போயிருவா. அவளுக்கு இந்தப் படம் புடிக்கறது இல்லைங்க.

டிவிடியைப் பத்தி என்னத்தச் சொல்ல. அகல டிவி வந்துருச்சுன்னு படத்தை மேலயும் கீழயும் வெட்டிப்புட்டாங்க. ஆளுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. நடுவுல கம்பளி மட்டும் நடந்து போகுது. அதுல இங்கிலீஷ்ல எழுத்து வேற. எங்க மருமகன்தான் படிச்சுச் சொன்னாரு. "மட்டையன் வர்றான், ஓடுங்க!"ன்னு அந்தப் பிள்ளை கத்துதுங்களா, அதுக்குக் கீழ "குடிகாரன் வருகிறான், ஓடுங்கள்"னு இங்கிலீஷ்ல போட்டிருக்காங்களாம்! குடிச்சுட்டுக் கவுந்து கிடந்தா மட்டையாயிட்டான்னு சொல்லுவோமில்ல, அந்த மட்டைன்னு நெனச்சுட்டான் எழுதினவன். வெளிநாட்டுக்காரன் பத்து வருசமா இது குடியைப் பத்தின கருத்துப் படம்னு நெனச்சுட்டு இருந்திருக்கான். நான் டீயும் காப்பியும் தவிர ஒண்ணும் தொடாதவன் சார். இதைக் கட்டாயம் எழுதுங்க.

காப்பி எடுத்துக்குங்க. சக்கரை போதுங்களா? பாவாயி, சாருக்கு... போதும்ங்கறாரு, விடு.

இப்ப உங்க புளூரே. அதுக்கு முன்னால அந்த ஓட்டத்தைப் பத்திச் சொல்லிரணும். படத்துலயே பேர் வாங்கினது அதுதானே. அந்தப் பொண்ணு ஜீப்பை எடுத்துட்டு வளைவுல எறங்கிப் போகுது. மட்டையன் ரோட்டுல துரத்தலை. நேரா மலைச்சரிவுல விழுந்து எறங்கறான். வெறுங்கால். பாறையும் முள்ளும். கீழ குனிஞ்சே பாக்கறது இல்லை, கோடாலிய ஒரு கையில தூக்கிட்டு ஒரே ஓட்டம். முழுசா முக்கா நிமிசம், எங்கயும் நிக்காம. காமிராவை மேல வெச்சு முதுகுப் பக்கமிருந்து எடுத்தாங்க. நடுவழியில ஒரு பாறைக்கிட்ட இன்னொரு காமிரா, அதுல காலு வந்து விழறது மட்டும் கிட்டத்துல. இந்த மாதிரி ஓட்டம் இந்தியாவுலயே எவனும் ஓடினது இல்லைன்னு நீங்களே போன்ல சொன்னீங்க. அந்த முதுகைப் பனியன்ல அச்சடிச்சு விக்கறாங்களாமே?

அன்னைக்கு எப்படி ஓடினேன்னு கேட்டா, எனக்கே தெரியலைங்க. அதுக்கு முந்தின நாளு மலைப் பலாப்பழம். எத்தனை சுளைன்னு கேக்காதீங்க. காலையிலருந்து அஞ்சு தடவை புதருக்குப் போயிட்டு வந்து, கீழ அடிவாரத்துல ஒரு மரத்தடியில சுருண்டு கிடக்கறேன். பாவாயி பக்கத்துல இருந்தா. கண்ணாலம் ஆகி மூணு மாசம். கம்பெனிச் சாப்பாடு எனக்கு ஆகலைன்னு தெனமும் கஞ்சி கொண்டாருவா. அவ பொறந்த ஊரு அந்த அடிவாரந்தாங்க. ஆடு ஓட்டிட்டு அந்தச் சரிவுலயே ஏறி எறங்கி வளந்தவ. உசரம் வேற. இப்பக் கொஞ்சம் கூன் விழுந்திருச்சு, அன்னைக்கு எனக்குப் புருவத்துக்கு வருவா. கண்ணாலத்துல எங்க மாமன், "மாப்பிள்ளைக்குப் போட்டியாப் பொண்ணு வந்திருக்குது"ன்னு கேலி பண்ணினாரு.

எங்க விட்டேன்? ஆங். மேல இருந்து டைரக்டர் மைக்குல கத்தறாரு. வெயில் எறங்குது, ஆளு எங்கடா, ஆளு எங்கடான்னு. அப்புறம் என்ன, எப்படியோ ஆயிப்போச்சு. ஓட்டம் முடிஞ்சுது. டைரக்டர் சுத்துவழியா ஓடி வந்து என்னை அப்படியே கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. "செங்கோடா, நீ மனுசனே இல்லைடா"ன்னு அழுதாரு சார். யூனிட்டே கைதட்டுச்சு.

அதாங்க நடந்தது. சரி, புளூரேக்கு வர்றேன்.

போன தைமாசம் ஒரு ஞாயித்துக்கெழமை, மத்தியானம் கறிசோறு தின்னுட்டு மருமகன் வீட்டுப் பெரிய டிவியில போட்டோம். எம் பொண்ணு மேகலா, மருமகன், சம்பந்தி வீட்டார், பாவாயி, எல்லாரும் இருக்கோம். சும்மா சொல்லக்கூடாது, உங்காளுங்க தொடைச்சு வெச்சிருக்காங்க. எல்லா இலையும் தனித்தனியாத் தெரியுது. ரத்தம் பெயிண்ட்டுன்னு தெரியுது. செத்துக் கிடக்கற பொண்ணு கொசு கடிச்சு மூக்கைச் சுளிக்கறது தெரியுது. ஓட்டம் வந்துச்சு. எல்லாரும் வாயைப் பொளந்துட்டுப் பாக்கறாங்க. பாறை மேல காலு வந்து விழுந்துச்சு.

மேகலா ரிமோட்டை எடுத்து நிறுத்தினா. "அப்பா, இதென்னப்பா மட்டையன் கால்ல மெட்டி?"

பாத்தேன். ரெண்டாவது வெரல்ல வெள்ளி மெட்டி. பளபளன்னு மின்னுது. கேசட்டுல அந்தக் காலு ஒரு கறுப்புத் திட்டு. வீசிடியில கட்டங்கட்டமா இருக்கும், டிவிடியில காலே இல்லை. இதுல மெட்டியில இருக்கற பூ வேலை கூடத் தெரியுது!

நான் சொன்னேன், கம்ப்யூட்டர்ல அழுக்கு எடுக்கறப்ப எதையோ ஒட்ட வெச்சிருப்பாங்கன்னு. மருமகன், "அப்படியெல்லாம் ஒட்டாதுங்க மாமா"ன்னாரு. ஓடைத் தண்ணி தெறிச்சு மின்னுதுன்னேன். சம்பந்தியம்மா என்னைப் பாத்துச் சிரிக்குது. திரும்பிப் பாவாயியைப் பாத்தேன். அவ குக்கர் சத்தம் கேக்குதுன்னு எந்திரிச்சுப் போயிட்டா. அவங்க வீட்டுல அப்ப குக்கரே வெக்கலைங்க.

அன்னையிலருந்து எனக்கு நிம்மதி போச்சு சார். எவனோ வெளிநாட்டுக்காரன் பதினஞ்சு பக்கம் எழுதியிருக்கானாம். மட்டையனுக்குள்ள ஒரு பொம்பளை ஆத்மா இருக்குது, அதான் அந்த ஒரு எடத்துல மட்டும் மெட்டி, டைரக்டர் பெரிய மேதைன்னு. டைரக்டர் செத்துப் பன்னெண்டு வருசம் ஆச்சு. உசிரோட இருந்திருந்தா ஆமா, அப்படித்தான் யோசிச்சேன்னு ஒத்துக்கிட்டிருப்பாரு. படத்துப் பேரே தப்பு, 'சோலைக்குள் ஒருத்தி'ன்னு வெச்சிருக்கணும்னு ஒருத்தன் போட்டிருக்கானாம். டீக்கடைக்குப் போனா, "வாங்க மட்டையம்மா"ங்கறானுங்க. அதுக்குத்தாங்க நீங்க வர்றேன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோசம். என் பேரை அச்சுல போட்டுட்டா அவனுங்க வாய் அடைஞ்சிரும். எஸ். செங்கோடன். எஸ்சுக்குப் பொறவு புள்ளி. அவ்வளவுதான் நான் கேக்கறது.

என்னங்க? கேளுங்க, என்ன வேணா கேளுங்க.

ஓடையா? நேத்து நீங்களே அந்தச் சரிவுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தீங்களா? பரவால்லைங்களே. ஓடறப்ப ஓடை எந்தப் பக்கம் இருந்துச்சுன்னா... இதென்னங்க கேள்வி, இடது பக்கம். கண்ணை மூடினாத் தெரியுது. இடது பக்கம் ஓடை சலசலன்னு...

"வலது பக்கமுங்க."

பாவாயி, நீ சும்மா இரு. சார் என்னைக் கேக்கறாரு.

"வலது பக்கந்தானுங்க. பாறைக்கு மேல பாசி இருந்துச்சு. அதுல கால் வெச்சா ஓடைக்குள்ள போயிருப்பேன். வலது பக்கம் விழுகாம இருக்கத்தான் இடது கால்ல ஊனிக் குதிச்சேன்."

இடது பக்கம் அம்மிணி! வீசிடியில இருநூறு தடவை பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? வேணும்னா இப்பவே போட்டுக் காட்டறேன்...

என்னங்க சார்? ஆமா. ஆமா, நான்தான் சொன்னேன். வீசிடியில இடது வலது மாறித்தான் இருக்கும்.

இல்லைங்க, வீசிடி கிடக்கட்டும். நேர்ல பாத்தப்பவும் எனக்கு இடது பக்கம்தானே இருந்துச்சு? கீழருந்து, அந்த மரத்தடியில இருந்து நிமுந்து பாத்தா...

காமிராவை நிறுத்திட்டீங்களா? நிறுத்தலையா? சரி விடுங்க, ஓடட்டும்.

படுத்துத்தாங்க கிடந்தேன். எந்திரிக்க முடியலை. வயிறுன்னு சொன்னனுல்ல, வயிறும்தான். ஆனா முந்தின நாள் சாயங்காலமே அந்தச் சரிவுல ஏறிப் பாத்துட்டேன் சார். மேல நின்னு கீழ பாத்தேன், அப்படியே உக்காந்துட்டேன். என்னால முடியாதுன்னு இவகிட்ட மட்டும் சொன்னேன். டைரக்டர் கத்திட்டே இருந்தாரு. இவ என்னை ஒரு பார்வை பாத்தா. கம்பளிய எடுத்துப் போத்திக்கிட்டா, சேலையைத் தூக்கிச் சொருகினா, மட்டையை மாட்டினா, கோடாலிய எடுத்துக்கிட்டா, மரத்துக்கு அக்கட்டால மறைஞ்சு மேல ஏறிப் போயிட்டா. எறங்கி வந்தவ எல்லாத்தையும் கழட்டி என் மேல போட்டுட்டுக் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கிட்டா. அதுக்குள்ள டைரக்டர் வந்து என்னைக் கட்டிப் புடிச்சுட்டாரு. சொல்லலாம்னுதான் வாயைத் தொறந்தேன். கைதட்டறாங்களே சார். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநாளும் விட்டேன். அப்புறம் நானே நம்பிட்டேன் போங்க.

ஆனா ஒண்ணு. மத்த சீன் எல்லாம் நாந்தான். அஞ்சு பேரையும் கொன்னது நாந்தான். அதுல எந்த மாத்தமும் இல்லை.

இன்னொண்ணும் இருக்குதுங்க, இது உங்க நாலு பதிப்புலயும் ஒரே மாதிரி இருக்கும், கேட்டுப் பாருங்க. அந்த ஓட்டத்துல மட்டையன் மூச்சு வாங்கற சத்தம். அதுக்குன்னு என்னை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இருட்டு ரூமுக்குள்ள மைக்கு முன்னால நிக்க வெச்சு, திரையில இவ ஓடறதைப் போட்டாங்க. அன்னைக்கு மரத்தடியில எப்படிப் பதறிட்டுக் கிடந்தனோ அப்படியே ஆயிருச்சு. அந்தப் பாறைகிட்ட வர்றா, விழுந்தான்னா போச்சு, மூணு மாசக் கண்ணாலம். எனக்கு மூச்சு எரைக்குது. எஞ்சினியர் "சூப்பர், ஒரே டேக்கு"ன்னாரு. நடிக்கலைங்க, பயம். அவ ஓடின ஓட்டத்துக்கு நான் மூச்சு வாங்கியிருக்கேன். இவகிட்ட இதை நான் சொன்னதே இல்லை. இப்பத்தான் சொல்றேன்.

பாவாயி, ஏன் அங்கயே நிக்கறே? வந்து உக்காரு. அந்தச் சேர் வேண்டாம், ஆடும். இங்க வா.

அழுகறியா சிரிக்கறியா? ரெண்டுமா? சரி.

எழுதிக்குங்க சார். மட்டையன், எஸ். செங்கோடன். அதுக்குக் கீழ, செங்கோடன் சம்சாரம்னு...

என்ன? பேரா? உன் பேரு எனக்குத் தெரியாதா? எழுதுங்க சார், பாவாயி. அவங்கப்பன் பேரு ராமசாமி, ஆர். பாவாயின்னு போட்டுக்குங்க. புள்ளி வெச்சு. போதுமா?

இன்னும் என்ன அம்மிணி? கிட்ட வந்து சொல்லு.

மேலயா?

என் பேருக்கு மேலயா?

சரிங்க சார், மேலயே போட்டுக்குங்க. ஓடினவ அவதானே. எழுத்து மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல இருக்கட்டும்.